கர்ஜத் வடையும் சீட்டில்லாத கற்களும்

மும்பைத் தமிழர்களுக்கு ஊர்ப்பயணம் கர்ஜத்தில்தான் தொடங்குகிறது என்று நான் அடிக்கடி சொல்வேன். முலுண்டிலிருந்து பெட்டி படுக்கையோடு கிளம்பி, தாதரிலோ கல்யாணிலோ அடித்துப் பிடித்து ஏறி, யார் பர்த்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பஞ்சாயத்தெல்லாம் முடிந்து மூச்சு விடும்போது வண்டி கர்ஜத்தில் நிற்கும். மலை ஏறுவதற்காகப் பின்னால் இன்ஜின் மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் நாம் இறங்கி வடா பாவ் வாங்குவோம். அப்புறம் வண்டி மெல்ல மெல்லக் கண்டாலா, லோனாவ்லா பக்கம் ஏறும். ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் பெட்டியில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் கத்தும். நம் குழந்தைகளும் கத்தியவர்கள்தான்.

இந்த மலைப்பாதையின் பெயர் போர் காட். சண்டைப் போர் இல்லை, போர் என்பது பக்கத்தில் இருந்த ஒரு சமஸ்தானத்தின் பெயர். முப்பது வருஷமாக இந்த வழியில் போய் வருகிறேன். வடையைப் பார்த்த அளவுக்குக் கல்லைப் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில், ஈரத்தோடு கன்னங்கரேலென்று நிற்கிற அந்தப் பாறைதான் கல் சேகரிக்கிறவர்கள் உலகத்தில் நம் மகாராஷ்டிரத்துக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த விதமும் பெருமைப்படும்படி இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாறையைப் பற்றிக் கொஞ்சம். சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால், டைனோசர்களின் கடைசிக் காலத்தை ஒட்டி, மேற்கு இந்தியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. ஒரே நாளில் இல்லை, விட்டு விட்டு லட்சக்கணக்கான வருஷம். அடுக்கு மேல் அடுக்காக ஆறிக் கெட்டியானதுதான் தக்காணத்துக் கருங்கல், அதாவது பஸால்ட். இன்றைக்கு மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாலு தமிழ்நாடு அளவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் இதன் கனம் 2 கிலோமீட்டருக்கு மேல். அந்தேரியில் தூண் தூணாக நிற்கிற கில்பர்ட் ஹில், நம் முலுண்டுக்குப் பின்னால் இருக்கும் தேசியப் பூங்காவின் மலைகள் எல்லாமே அந்த எரிமலைக் காலத்துச் சமாசாரம்தான்.

குழம்பு ஆறும்போது உள்ளே இருந்த வாயு குமிழ் குமிழாக மாட்டிக்கொள்ளும். தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் ஓட்டை ஓட்டையாக வருமே, அப்படி. பிறகு அந்தப் பொந்துகளுக்குள் தண்ணீர் கசிந்து, பாறையிலிருந்து கரைத்து வந்ததை மெதுவாகப் படிய வைக்கிறது. பல லட்சம் வருஷம் கழித்து யாராவது உடைத்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடிச் சதுரங்கள், பீச் பழ நிறத்தில் வில் கட்டியது போன்ற கொத்துகள், பச்சைத் திராட்சை மாதிரிக் குலைகள். முதலாவது அபோஃபிலைட், இரண்டாவது ஸ்டில்பைட், மூன்றாவது ப்ரேனைட். ஸ்டில்பைட் சேர்ந்த குடும்பத்துக்கு ஜியோலைட் என்று பெயர். 1756ல் க்ரோன்ஸ்டெட் என்ற ஸ்வீடன்காரர் இந்தக் கல்லைச் சூடாக்கிப் பார்க்க, உள்ளே இருந்த தண்ணீர் கொதித்து நுரைத்தது. கிரேக்க மொழியில் 'கொதிக்கிற கல்' என்று பெயர் வைத்துவிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1999ல் எங்கள் பில்டிங்கில் கீழ் வீட்டில் ஒரு காகா இருந்தார். மராட்டிக்காரர். ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர். வேலைக் காலம் முழுக்க ஜல்லி அளந்து எடுப்பதற்காகக் குர்லா, மலாட், காந்திவ்லி என்று கல்குவாரி கல்குவாரியாகச் சுற்றியவர். அஞ்சாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் மேல் அவருக்குப் பிரியம். இவள் எங்கே போனாலும் கூழாங்கல் பொறுக்கி வருகிறவள். ஒரு நாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து "இது உனக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பதினாலு கற்கள். ஒவ்வொன்றும் அழுக்கேறிய காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தது. காகிதத்தில் பென்சிலால் மராட்டியில் ஏதோ கிறுக்கியிருந்தது.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் நேரம். நான் என்ன செய்தேன்? எல்லாக் காகிதத்தையும் பிரித்துக் குப்பையில் போட்டேன். கற்களை ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பெரும்பாலானவை ஜோராகப் பளபளத்தன. ஒன்று மட்டும் வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி, முயல் குட்டி மாதிரி இருந்தது. அதையும் தேய்த்தேன். நனைந்த பூனை மாதிரி ஆகி, மயிரெல்லாம் படிந்து ஒட்டிப் போயிற்று. காய்ந்த பிறகும் எழும்பவே இல்லை.

அதன் பெயர் ஓகனைட். ஊசியை விட மெல்லிய இழைகள், விரல் பட்டாலே படிந்துவிடும். பஞ்சு உருண்டையாக இது கிடைக்கும் இடங்களில் பம்பாய்க் குவாரிகள் பிரசித்தமானவை. இதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. ஞானம் எனக்கு எப்போதும் லேட்டாகத்தான் வரும் :-)

இரண்டு வாரம் கழித்துக் காகா டீ குடிக்க வந்தார். வரிசையாக அடுக்கி வைத்த கற்களைப் பார்த்தார். பஞ்சு உருண்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "காகிதம் எல்லாம் எங்கே, அண்ணா?" என்றுதான் கேட்டார்.

"அது பழைய பேப்பர்தானே காகா, தூக்கிப் போட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு இன்னொண்ணு கிடைக்கும் அண்ணா. எங்கேர்ந்து வந்ததுன்னு எழுதினது கிடைக்காது" என்றார். ஒரு நாள் உட்கார்ந்து ஞாபகம் இருக்கிற வரை மறுபடி எழுதித் தருகிறேன் என்றார். அந்த ஒரு நாள் வரவில்லை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வாக்கியம் மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கல் சேகரிப்பின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், கதை நம் வீட்டுப் பக்கத்திலேயே தொடங்குகிறது.

முலுண்டுக்கு அந்தப் பக்கம் நாஹுர், அதற்கு அடுத்தது பாண்டுப். 1843ல் ஜார்ஜ் கிளார்க் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான் பம்பாயிலிருந்து தாணே, கல்யாண் வழியாக மலை ஏறும் ரயில் பாதை என்ற யோசனை அவருக்குத் தோன்றியது என்று ரயில்வே வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அந்த யோசனைதான் 1853 ஏப்ரல் 16ல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணி ரயிலாக முடிந்தது. தினமும் நாம் பிதுங்கி வழிந்து போகிறோமே, அந்த லைன்தான்.

இந்தக் கிளார்க்குக்கு இன்னொரு முகம் உண்டு. டாக்டருக்குப் படித்தவர், இன்ஜினியர் ஆனவர், பொழுதுபோக்காகப் பாறை பார்த்தவர். பம்பாயைச் சுற்றியுள்ள நில அமைப்பைப் பற்றி லண்டன் புவியியல் சங்கத்துக்கு எழுதினார். அந்தக் கட்டுரையோடு சேர்ந்து 1847ல் ஒரு பின்குறிப்பு வெளியானது. எழுதியவர் ரிச்சர்ட் ஓவன், டைனோசர் என்ற பெயரையே உண்டாக்கியவர். விஷயம் என்னவென்றால் தவளை! எரிமலைக் குழம்பு ஒரு தடவை வழிந்து, அடுத்த தடவை வழிவதற்கு முன்னால் கிடைத்த இடைவேளையில் நம் வொர்லிப் பக்கம் ஒரு நீர்நிலை இருந்திருக்கிறது. அதன் சேற்றில் சின்னஞ்சிறு தவளைகள் புதைந்து கல்லாகியிருந்தன. ஓவன் அதற்கு ஒரு பெயர் வைத்தார். 1930ல் நோபிள் என்பவர் அதை மாற்றி இன்டோபாட்ராகஸ் என்று வைத்தார். டைனோசர் பெயர் வைத்த மனுஷன் வொர்லித் தவளைக்கும் பெயர் வைத்தார் என்று சொன்னால் என் மகள் நம்பவே மாட்டேன் என்றாள்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கியது 1851ல்தான். அதற்கு முன்னால் இந்த நாட்டில் கல்லை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள். 1840ல் தக்காணப் பாறைக்குள் இருந்த புதைபடிவங்களைப் பற்றி எழுதி வெளியிட்ட மால்கம்சன் சென்னைப் பட்டாளத்து டாக்டர். தென்னிந்தியா முழுக்கப் பாறை பார்த்து எழுதிய நியூபோல்ட் சென்னைப் பட்டாளத்து கேப்டன், 1850ல் மகாபலேஷ்வரில் இறந்தார். பம்பாய்த் தீவின் நிலவியலை 1852ல் எழுதிய கார்ட்டர் பம்பாய்ப் பட்டாளத்து டாக்டர். அதே சமயத்தில் அதைப் பற்றி எழுதிய ஜார்ஜ் பூயிஸ்ட் பம்பாய் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர். நாக்பூரில் மண்ணைக் கிளறியே வாழ்ந்த ஹிஸ்லாப் ஒரு பாதிரியார். 1863 செப்டம்பரில் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு இரவில் திரும்பும்போது வெள்ளம் வந்த ஓடையில் மூழ்கி இறந்தார்.

எல்லோரும் நம்மைப் போல வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதிரி கிடைத்த நேரத்தில் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். அவர்கள் எழுதியதில் நிறைய தப்பு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் ஒன்றை ஒழுங்காகச் செய்தார்கள். எந்தக் கல், எந்த ஊர், எந்தக் குன்று, எந்த அடுக்கு என்று எழுதி வைத்தார்கள். விளக்கம் மாறினாலும் முகவரி மாறவில்லை.

இனி நம் கர்ஜத் மலைக்கு வருவோம். போர் காட் பாதை வேலை 1856ல் தொடங்கி 1863 ஏப்ரல் 21ல் திறப்பு விழாவோடு முடிந்தது. 25 குகைகள். அத்தனையும் இந்தக் கருங்கல்லைக் கையால் துளைத்து, வெடிமருந்து திணித்து உடைத்தவை. 1861ல் ஒரே நேரத்தில் 42,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். காலரா, விபத்து என்று ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1859ல் புதிதாக வந்த கான்ட்ராக்டர் சாலமன் ட்ரெட்வெல்லே வந்த சில வாரங்களில் நோயில் போய்விட, அவர் மனைவி ஆலிஸ் கான்ட்ராக்டைத் தானே ஏற்று நடத்தினார்.

அப்படி உடைத்த பாறையிலிருந்துதான் அபோஃபிலைட்டும் ஸ்டில்பைட்டும் கூடை கூடையாக வெளியே வந்தன. புனே பக்கத்துக் கற்கள் ஐரோப்பாவுக்கு முன்பே தெரியும். 1831லேயே புரூக் என்ற ஆங்கிலேயர் புனே பெயரை வைத்து 'பூனாலைட்' என்று ஒரு கனிமத்தைச் சொன்னார், பிறகு அது தனிக் கனிமம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் ரயில் பாதை வெட்டிய பிறகுதான் நல்ல நல்ல மாதிரிகள் கப்பலேறி வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. அவற்றின் சீட்டில் 'போர் காட்', 'பூனா' என்று ஊர் இருக்கும். கொடுத்த துரையின் பெயர் இருக்கும். சம்மட்டி அடித்தவன் பெயர் இருக்காது. 42,000 பேரில் ஒருத்தர் பெயர் கூட இல்லை. பொந்துக்குள் முதன் முதலாக வெளிச்சம் பட்டபோது அதைப் பார்த்த கண் அவர்களுடையதுதானே!

சீட்டு போனால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாயிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மேலே சொன்ன பூயிஸ்ட்தான் கோட்டைப் பகுதியில் ஒரு பழைய பட்டாளக் கட்டடத்தில் இருந்த அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டார். 1857 கலகத்தின்போது பட்டாளத்துக்கு இடம் வேண்டும் என்று அதை அவசர அவசரமாகக் காலி செய்தார்கள். பொருட்கள் பல சேதமாயின. மிஞ்சியதை வைத்து ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். இன்று பைக்குல்லாவில் ராணி பாக் வாசலில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகமாக இருப்பது அதன் வாரிசுதான். அவசரத்தில் காலி செய்கிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான், பொருளைத்தான் பார்ப்பார்கள், காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சரி, சீட்டு இருந்தால் என்ன லாபம்? இதற்கு நம் ஊருக்கே போகலாம்.

ராபர்ட் ப்ரூஸ் ஃபூட் 1858ல் நிலவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். சம்பளம் பாறைக்கு, ஆசை பழங்காலத்துக்கு. போர் காட் ரயில் ஓடத் தொடங்கிய அடுத்த மாதமே, 1863 மே 30ல், சென்னை பல்லாவரத்தில் செம்மண் சரளை வெட்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி அது. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் கிங் என்ற சக ஊழியரும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் நிறையக் கண்டெடுத்தார்கள். நாற்பது வருஷம் தென்னிந்தியா முழுக்கச் சேகரித்து, 1904ல் எல்லாவற்றையும் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912ல் அவர் இறந்த பிறகு, 1914லும் 1916லும் அவருடைய பட்டியல் இரண்டு புத்தகங்களாக வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் எண், ஊர் என்று வரிசையாக.

அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் அத்திரம்பாக்கம் போனார்கள். சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டிப் பார்த்து, அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011ல் சொன்னார்கள். ஃபூட் காலத்தில் இந்த வயதைக் கணக்குப் போட வழியே கிடையாது. அவரால் முடிந்தது இடத்தை எழுதி வைப்பது. அதைச் செய்தார். மீதியை நூற்றைம்பது வருஷம் கழித்து வந்தவர்கள் செய்துகொண்டார்கள்.

சீட்டே இல்லாத கல்லுக்கும் சில சமயம் விடிவு உண்டு. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் இறந்தார். அவர் கல்லறைக் கல் வங்காளத்துக் கல்லாக இல்லை. இருநூறு வருஷம் கழித்து, 1893ல், ஹாலண்ட் என்ற நிலவியல்காரர் அதைச் சோதித்து, இது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை, கப்பலில் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். சார்னாக் பெயராலேயே அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் இது. விமான நிலையத்துக்குப் போகும்போது பார்க்கிறோமே, அந்தக் குன்றுகள்தான். வயது சுமார் 250 கோடி வருஷம். இந்த நிலவியல் துறைக்கு 1951ல் முதல் இந்தியத் தலைவராக வந்தவரும் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து எம்.எஸ்.கிருஷ்ணன்தான் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். முலுண்டில் 6 கோடி வருஷத்துப் பாறையில் கிளம்பி, சென்னையில் 250 கோடி வருஷத்துப் பாறையில் இறங்குகிறோம். நடுவில் சோலாப்பூர், குல்பர்கா வரை கருங்கல். குல்பர்காவுக்கு இப்போது கலபுரகி என்று பெயர். அது தாண்டியதும் ஷாஹாபாத் ஸ்டேஷன், பழைய வீடுகளில் தரைக்குப் போட்ட அதே ஷாஹாபாத் சுண்ணாம்புக்கல். ராய்ச்சூர், குண்டக்கல் பக்கம் உருண்டை உருண்டையாக கிரானைட் குன்றுகள். பிறகு கடப்பா, நம் மும்பைச் சமையலறை மேடையின் கறுப்புக் கல் அந்த ஊர்ப் பெயரில்தான் விற்கிறது. ஒரே டிக்கெட்டில் இத்தனையும்.

மும்பைக் கற்களுக்கு என்ன ஆயிற்று? மலாட், காந்திவ்லி, குர்லாக் குவாரிகள் இந்த நகரத்துக்கு ஜல்லி கொடுத்தே தேய்ந்தவை. ப்ரேனைட், லாமொன்டைட், ஓகனைட் என்று அங்கே கிடைத்தவை உலகத்துச் சேகரிப்புகளில் இருக்கின்றன. அந்தக் குவாரிகள் பலவற்றின் மேல் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. திரும்பப் போய் எடுக்க முடியாது. சேகரிப்பு இப்போது புனே, நாசிக், ஜல்காவ் பக்கம் நகர்ந்துவிட்டது. புனேக்குப் பக்கத்தில் வாகோலியில் 1980களின் கடைசியில் நீல நிறத்தில் கேவன்சைட் என்ற கல் ஏராளமாக வந்தது. கால்சியம், வனேடியம், சிலிகேட் மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 1973ல் வைத்த பெயர். முதலில் கண்டது அமெரிக்காவில், அள்ளிக் கொடுத்தது வாகோலி. சின்னார் போனால் கார்கோட்டி அருங்காட்சியகத்தில் இவற்றையெல்லாம் பார்க்கலாம். நாசிக், ஷிர்டி போகிறவர்களுக்கு வழியில்தான். இன்றும் இவற்றை முதலில் பார்ப்பவர்கள் குவாரியில் கல் உடைக்கிறவர்கள்தான். வெடி வைத்த பிறகு பொந்து தெரிந்தால் ஜல்லிக்குப் போகாமல் தனியே எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் கண் பழகாவிட்டால் பாதி மாதிரிகள் ரோட்டில் தாருக்கு அடியில் போயிருக்கும்.

உங்கள் வீட்டிலும் கல் பொறுக்குகிற பிள்ளைகள் இருந்தால், நான் அடிபட்டுக் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். கல்லின் அடிப்பக்கம் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்து அதன் மேல் எண் எழுதுங்கள். அதே எண்ணை ஒரு நோட்டில் போட்டு, எந்த இடம், என்ன தேதி, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். கல்லின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதை எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். கழுவுவதற்கு முன் யோசியுங்கள். கடினம் பார்க்க 1812ல் மோஸ் சொன்ன அளவுகோலே போதும். நகம் இரண்டரை, கத்தி ஐந்தரை, குவார்ட்ஸ் ஏழு. கத்தி கீறினால் குவார்ட்ஸ் இல்லை. கால்சைட் மூன்று, அபோஃபிலைட் நாலரைக்கு மேல். கால்சைட் தூளில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தேசியப் பூங்காவிலிருந்து கல் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். ஓடுகிற குவாரிக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எங்கள் தெருவில் அஸ்திவாரம் தோண்டியபோது வாட்ச்மேனிடம் கேட்டு என் மகள் வாங்கிய ஒரு துண்டு, பொந்தில் பச்சைப் படிவு உள்ளது, நோட்டில் 15ஆம் எண்.

1 முதல் 14 வரை காகாவின் கற்கள். அவற்றுக்கு நேரே 'மும்பைக் குவாரி, காகா கொடுத்தது' என்று மட்டும் இருக்கிறது.

மூன்று வருஷம் முன்னால் வீடு மாறும்போது அந்த பிஸ்கட் டின்னைத் தூக்கிப் போடப் போனேன். பழைய பாடம் ஞாபகம் வந்து ஒரு தடவை கவிழ்த்துத் தட்டினேன். அடித் தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காகிதம் விழுந்தது. என் கைக்குத் தப்பியது அது ஒன்றுதான். பென்சில் எழுத்து, பாதி அழிந்திருந்தது. கீழ் வீட்டுப் பையனைப் படிக்கச் சொன்னேன். 'குர்லா. 12 மார்ச் 1976. வெடி வைத்த மறுநாள். கல் உடைக்கும் பெண் கொடுத்தாள்.'

பதினாலு கல்லில் எதன் சீட்டு? ஹாலண்ட் மாதிரி நானும் யோசித்துப் பார்த்தேன். குர்லா ஓகனைட்டுக்குப் பெயர் போன இடம். அந்தப் பஞ்சு உருண்டையாக இருக்கலாம். ஆனால் ஓகனைட் வேறு இடங்களிலும் கிடைக்கிறது. குர்லாவில் வேறு கற்களும் கிடைத்திருக்கின்றன. அதனால் நோட்டில் கேள்விக்குறி போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

அத்தனை கவனமாக எழுதிய காகாவும் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஒரு கையில் சம்மட்டியோடு நின்றவள், ஜல்லியாகிப் போக வேண்டிய ஒன்றை உடைக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அது என் வீடு வரைக்கும் பத்திரமாக வந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தது நான்.

அடுத்த முறை கர்ஜத்தில் வடா பாவ் வாங்கிக்கொண்டு ஏறியதும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். குகைக்கு முன்னால் வண்டி மெதுவாகப் போகும்போது பாறையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். பிள்ளைகளிடம் காட்டி, இதை யார் உடைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.